அன்னப்பூரணி அம்மையாருக்கு நான்கு நிமிடம்

வாவியக வரலாற்று விழுமியப் பேரவையில் உறுப்பினர்கள் இருபத்தாறு பேர். பதவி இல்லாதவர் என்று ஒருவரும் அதில் கிடையாது. தலைவர், முதுநிலைத் தலைவர், முன்னைநாள் தலைவர், உபதலைவர்கள் ஒன்பது பேர், போசகர்கள் பதினொரு பேர், ஆலோசகர், செயலாளர், உதவிச் செயலாளர். செயலாளர் ஆறு வருடங்களுக்கு முன்பே அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். ஆனாலும் அவருடைய பெயர் அச்சடித்த கடிதத்தாள் இன்னும் இரண்டு கட்டு மிச்சமிருந்ததால், தாள் தீரும்வரை அவரே செயலாளர் என்று ஏகமனதாகத் தீர்மானித்திருந்தார்கள். ஆகவே வேலை எல்லாம் உதவிச் செயலாளர் பற்றிக்கின் தலையில்தான் விழுந்தது.

பற்றிக் ஓய்வுபெற்ற பாடசாலை இலிகிதர். பேரவைக்காகக் கதிரை அடுக்குவார், பதாகை கட்டுவார், ஒலிவாங்கியைத் தட்டிப் பார்ப்பார், அறிவிப்புச் செய்வார், பேச்சாளருக்கு நேரம் முடிந்தால் மணி அடிப்பார். பத்தொன்பது வருடங்களில் முந்நூற்றுச் சொச்சம் பொன்னாடைகளை மடித்துத் தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறார். ஒன்றுகூட அவருடைய தோளில் விழவில்லை. விழவேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது. இவ்வளவு நல்ல மனிதருக்கு இவ்வளவு சின்ன ஆசையா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்தக் கதை முழுவதும் அந்த ஆசையால் வந்த வினைதான்.

காத்தான்குடியைச் சேர்ந்த விரிவுரையாளர் முப்லிஹா, அன்னப்பூரணி என்ற பெண்ணைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிய கட்டுரையின் தலைப்பைத் தலைவர் கனகசூரியம் ஒருநாள் வாசித்தார். தலைப்புக்குக் கீழே வாசிக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. நூற்று நாற்பது வருடங்களுக்கு முன் பெண்களின் உரிமைக்குப் பாடுபட்ட ஒருத்தி நம்முடைய வாவிக்கரையிலேயே இருந்திருக்கிறாள் என்பது மட்டும் அவருக்கு விளங்கியது. பேரவை உடனே கூடியது. மூன்று மணி நேரம் விவாதித்து, அவரை இனிமேல் 'அம்மையார்' என்று அழைப்பது என முடிவெடுத்தது. நினைவுப் பேருரை ஒன்று நடத்துவது என்றும், வாரிசைத் தேடிக் கண்டுபிடிப்பது உதவிச் செயலாளரின் பொறுப்பு என்றும் கடைசி ஐந்து நிமிடத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

பற்றிக்குக்குத் தேட வேண்டியே இருக்கவில்லை. நாவற்குடாவில் வாவியை ஒட்டிய பழைய ஓட்டு வீட்டில் வதனி இருந்தாள். பாலர் பாடசாலை ஆசிரியை, புருஷன் இல்லை, ஒரே மகள் கொழும்பில் தாதிப் பயிற்சியில். பற்றிக் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு விசயத்தைச் சொன்னதும் அவள் தேத்தண்ணி வைத்தாள். பிறகு அலுமாரிக்கு மேலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினாள்.

"இது அவட பெட்டிதான் அண்ணன். எங்கட அம்மா சாகக்குள்ள எனக்கிட்டத் தந்த. அம்மாக்கு அவட அம்மா குடுத்த."

உள்ளே அன்னப்பூரணியின் கையெழுத்தில், பெண்ணின் வீடு பெண்ணுக்கே என்று கேட்கும் ஒரு மனுவின் பிரதி இருந்தது. அதற்குக் கீழே ஐந்து சீதன உறுதிப் பத்திரங்கள். அன்னப்பூரணி தன் மகளுக்கு இந்த வீட்டை எழுதியது முதலாவது. அந்த மகள் தன் மகளுக்கு, அவள் தன் மகளுக்கு என்று வந்து, ஐந்தாவது வதனியின் அம்மா வதனிக்கு எழுதியது. ஐந்திலும் ஓர் ஆணின் பெயர்கூடச் சொந்தக்காரனாக இல்லை. அது பற்றிக்குக்குப் புதினமாகவும் தெரியவில்லை. மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுவார். பற்றிக்கும் முப்பத்தொரு வருடங்களுக்கு முன் அப்படித்தான் ஜெனிற்றாவின் வீட்டுக்கு வந்து ஏறினார்.

"கண்காட்சிக்கு வைக்கப் போறம் தங்கச்சி. கொண்டு போய்ப்போட்டு நானே கொண்டு வந்து தாறன்."

"நீங்கதானே அண்ணன். கொண்டு போங்க," என்றாள் வதனி. பெற்றுக்கொண்டதாக எழுதிய துண்டு ஒன்றும் கேட்கவில்லை.

கண்காட்சி வைக்கப் பேரவையிடம் கண்ணாடி அலுமாரி கிடையாது. தேநீர்க் கடை றவூப் தன்னுடைய வடைப் பெட்டியை விழா முடியும்வரை இரவல் தந்தார். துடைத்து வெள்ளைத் துணி விரித்து, மனுவையும் ஐந்து உறுதிகளையும் அதற்குள் அடுக்கி, 'அரிய வரலாற்று ஆவணங்கள். தொடாதீர்கள்' என்று அட்டை எழுதி வைத்தார் பற்றிக். தலைவர் பெட்டியைப் பூட்டித் திறப்பைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணாடியின் ஒரு மூலையில் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் கடைசிவரை போகவில்லை.

அதற்குப் பிறகு வம்சாவளிப் படிவம் வந்தது. அதைப் பேரவையின் முதலாவது தலைவர் வடிவமைத்தார் என்பதால் யாரும் அதில் கை வைப்பதில்லை. அதில் பெயர், தகப்பன் பெயர், தகப்பனின் தகப்பன் பெயர், அவருடைய தகப்பன் பெயர் என்று நிரல்கள் வரிசையாக ஓடின. பற்றிக் வதனிக்கு அதை நிரப்பிப் பார்த்தார். வதனியின் தகப்பன் வெல்லாவெளிக்காரர். தகப்பனின் தகப்பன் வெல்லாவெளியில் வயல் செய்தவர். அவருடைய தகப்பனும் அங்கேயே வயல் செய்தவர். படிவம் முடிந்துவிட்டது. படிவத்தின்படி வதனிக்கு அன்னப்பூரணி யாரோ எவரோ.

"சேர், இவ தாய்வழி," என்றார் பற்றிக்.

தலைவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் படிவத்தைப் பார்த்தார். "தாய்வழி எண்டு இதில ஒரு நிரல் இல்லையே பற்றிக்."

"ஒரு கோடு போட்டுச் சேர்ப்பமா சேர்?"

"படிவத்தை மாத்துறதெண்டால் யாப்புத் திருத்தம் வேணும். அதுக்கு மூண்டில் ரெண்டு வேணும். செயலாளர் அவுஸ்திரேலியாவில."

ஆகவே வாரிசைப் படிவத்துக்குப் பொருத்தமாகத் தேடினார்கள். அன்னப்பூரணிக்கு ஒரு மகனும் இருந்திருக்கிறான். அவனுடைய மகனுடைய மகன் சுதாகரன் என்பவர் கனடாவில் இருப்பதைத் தலைவரே முகநூலில் கண்டுபிடித்தார். சுதாகரனைப் போட்டதும் படிவம் கச்சிதமாக நிரம்பியது. எல்லா நிரலிலும் ஆண்கள். உச்சியில் அன்னப்பூரணியின் புருஷன் காத்தமுத்துவின் பெயர் வந்தது. அன்னப்பூரணிக்கு மட்டும் இடம் போதவில்லை. அவருடைய வம்சாவளியில் அவரையே விட்டால் நன்றாயிராது என்று எண்ணி, காத்தமுத்துவுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'மனைவியுடன்' என்று பற்றிக் சின்ன எழுத்தில் சேர்த்தார்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் தன் பூட்டன் வீடு வாவிக்கரையில் இருப்பதை அறிந்ததும் சுதாகரன் உருகிவிட்டார். அதைப் பேரவைக்கே நன்கொடையாகத் தருவதாகத் தொலைபேசியில் அழுதார். தலைவரும் கூடவே அழுதார். 'அன்னப்பூரணி அம்மையார் நினைவகமும் கனகசூரியம் கேட்போர் கூடமும்' என்று பெயர்ப்பலகை வரைந்தாயிற்று. உபதலைவர்களில் ஒருவர் நொத்தாரிசு. அவர் நன்கொடை உறுதி எழுத, அதைத் தட்டச்சு செய்ய வேண்டியவர் பற்றிக்.

"சேர், அந்த வீட்டுக்கு அஞ்சு சீதன உறுதி இருக்கே," என்றார் பற்றிக். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"அது வரலாற்று ஆவணம் பற்றிக். கண்ணாடிக்குள்ள வைச்சாச்சு. கண்ணாடிக்குள்ள இருக்கிறத சட்ட ஆவணமாப் பாவிக்க ஏலாது. தொடக்கூடாதெண்டு நீங்கதானே எழுதினீங்க."

நொத்தாரிசு வரிவரியாகச் சொல்ல, பற்றிக் அடித்தார். ஓரிடத்தில் அவருடைய விரல் நின்றது. 'மேற்படி வீட்டில் தற்சமயம் இரக்கத்தின் பேரில் குடியிருக்கும் பெண்ணொருத்தி மூன்று மாதத்துள் வெளியேறுவார்.'

"வதனி எண்டு பேரப் போடுவமா?"

"பேர் போட்டா உரிமை வந்திரும்," என்றார் தலைவர். பிறகு பற்றிக்கின் தோளில் கை வைத்தார். "அண்டைக்கு உங்களுக்கும் ஒரு பொன்னாடை இருக்கு. 'வரலாற்றுச் சுடர்'. நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல."

பற்றிக் 'பெண்ணொருத்தி' என்று அடித்தார்.

வீட்டில் ஜெனிற்றா வெள்ளைச் சட்டைக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தாள். பொன்னாடையைப் பற்றிச் சொன்னவர், வாய் தவறி உறுதியைப் பற்றியும் சொல்லிவிட்டார். அவள் அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நீங்க இருக்கிற இந்த வீடு ஆர்ர பேர்ல?"

"உன்ர பேர்ல."

"நான் கண்ண மூடினா?"

"மகளுக்கு."

"அப்ப உங்களுக்குத் தெரியும்," என்றாள் ஜெனிற்றா. சட்டையின் ஒரு கையை மட்டும் அயன் போடாமல் மடித்து வைத்துவிட்டுப் போனாள். அதை நேராக்கப் பற்றிக்குக்கு மனம் வரவில்லை. அப்படியே போட்டுக்கொண்டு போனார்.

விழா பின்னேரம் மூன்று மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. ஆகவே நாலேகாலுக்குத் தொடங்கியது. மேடையில் பன்னிரண்டு கதிரை, பன்னிரண்டிலும் ஆண்கள். பிரதான உரையாளர் முப்லிஹாவையும் வதனியையும் மின்விசிறிக்குக் கீழே முன்வரிசையில் இருத்தினார்கள். பெண்களை மேடையில் ஏற்றி வெக்கையில் வாட்டுவது நமது பண்பாடல்ல என்று தலைவர் விளக்கம் தந்தார். வதனி மாம்பழ நிறச் சேலை உடுத்தி வந்திருந்தாள். மேடைக்குக் கூப்பிடுவார்கள் என்று பற்றிக்தான் சொல்லியிருந்தார்.

மங்கள விளக்குக்கு ஐந்து திரி. ஏற்றவேண்டிய பிரமுகர்கள் பதினொரு பேர். யாரை விடுவது என்று பேரவை ஒரு கிழமையாக யோசித்து ஒரு வழி கண்டிருந்தது. ஐந்து பேர் ஏற்றுவார்கள்; பற்றிக் ஊதி அணைப்பார்; அடுத்த ஐவர் ஏற்றுவார்கள்; மறுபடியும் அணைப்பார்; கடைசியாகத் தலைவர் தனியாக ஐந்தையும் ஏற்றுவார். வாவிக் காற்று ஜன்னலால் வந்து இடையிடையே பற்றிக்கின் வேலையைத் தானே செய்தது. அப்போது யாருடைய திரி அணைந்தது என்று வாக்குவாதம் வந்து, எல்லாம் முதலிலிருந்து தொடங்கின. சபை ஒவ்வொரு தடவையும் கைதட்டியது.

பிறகு மௌன அஞ்சலி. பிறகு வரவேற்புரை. பிறகு தொடக்கவுரை. அறிமுகவுரை நிகழ்த்த வந்தவரை முதலில் இன்னொருவர் அறிமுகம் செய்தார். பற்றிக் ஒலிவாங்கியைப் பிடித்தபடி ஒவ்வொருவரையும் 'பெருமகனார்' என்று கூப்பிட்டார். பெருமகனார்கள் எழுந்து, நேரத்தின் அருமை கருதிச் சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லிவிட்டு அரைமணி நேரம் பேசினார்கள். முப்லிஹாவுக்கு முதலில் ஒதுக்கியிருந்தது நாற்பத்தைந்து நிமிடம். தொடக்கவுரை முடிய அது இருபதாகியது. அறிமுகவுரை முடியப் பத்தாகியது. அந்த மாற்றங்களைத் துண்டில் எழுதி முன்வரிசைக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததும் பற்றிக்தான். முப்லிஹா ஒவ்வொரு துண்டையும் வாங்கி, தன் கட்டுரையிலிருந்து சில தாள்களை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

தலைவர் கனகசூரியம் எழுந்தபோது சபை நிமிர்ந்தது.

"அன்னப்பூரணி அம்மையார் என்ன கேட்டார்? பெண்ணின் வீடு பெண்ணுக்கே என்று கேட்டார். அந்தக் கோரிக்கையை எமது பேரவை நூறு வீதம் ஏற்றுக்கொள்கிறது. ஏற்றுக்கொண்ட காரணத்தினால்தான் அந்த வீட்டை நாமே பொறுப்பேற்கிறோம். இத்தனை பெரிய உரிமையை ஒரு தனிப் பெண்ணின் கையில் விட்டுவைக்கலாமா? பெண் பாவம். அவள் சமைப்பாளா, பிள்ளையைப் பார்ப்பாளா, உரிமையைப் பார்ப்பாளா? எமது பேரவையில் இன்றுவரை ஒரு பெண் உறுப்பினர்கூட இல்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். அவர்களை வேலை வாங்கி வருத்தக்கூடாது என்ற மரியாதைதான் அதற்குக் காரணம்."

கைதட்டல் ஓய்ந்ததும் சுதாகரன் பேசினார். நல்ல மனிதர், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். "இந்த வீட்டை நான் ஒருநாளும் பார்த்ததில்லை," என்றார். "ஆனால் ஒவ்வொரு பனிக்காலமும் என் இரத்தம் அதை நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. போன மாதம்தான் அது எனக்குத் தெரிய வந்தது."

வதனி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். 'பொறுப்பேற்பது' என்றால் ஓடு மாற்றி வெள்ளை அடித்துத் தருவார்களாக்கும் என்று அவள் நினைத்தாள்.

முப்லிஹாவின் முறை வந்தபோது கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி நான்கு விரல் உயர்த்தினார் தலைவர். முப்லிஹா கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு, ஒரே ஒரு தாளோடு மேலேறினாள்.

"நாலு நிமிடம் என்பதால் ஒரேயொரு விசயம் சொல்கிறேன். அந்தக் காலத்தில் அரசாங்கக் கச்சேரிக்குப் பதிவுக்கென்று பத்திரங்கள் வரும். பெண்களின் வளவு வாய்க்கால் எல்லாம் அதில் புருஷன் பேரிலும் தமையன் பேரிலும் எழுதியிருக்கும். எழுத்துத் தெரியாத பெண்கள், காட்டிய இடத்தில் புள்ளடி போட்டுவிட்டுப் போவார்கள். அன்னப்பூரணி மிஷன் பள்ளிக்கூடத்தில் வாசிக்கப் படித்தவர். அவர் மேடை ஏறவில்லை. சங்கம் அமைக்கவில்லை. கச்சேரி வாசலில் பாய் போட்டுக் குந்தியிருந்து, வருகிற பெண்களின் பத்திரத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். பதினொரு வருடம். வாசிக்கக் கேட்டுவிட்டுப் புள்ளடி போடு என்பதுதான் அவருடைய போராட்டம். காரியாலய நேரத்தை வீணாக்குகிறாள் என்று அவர்மேல் மூன்று தரம் முறைப்பாடு எழுதினார்கள். அந்த முறைப்பாடுகளால்தான் அவர் கச்சேரி வாசலில் இருந்ததே நமக்குத் தெரியும்."

தலைவர் பற்றிக்கைப் பார்த்தார். பற்றிக் மணியை அடித்தார்.

முப்லிஹா பேச்சை நிறுத்தி மணியைப் பார்த்தாள். "நன்றி," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அதற்கடுத்தது பற்றிக்குக்குப் பொன்னாடை. அறிவிப்பாளர் அவரே என்பதால் அவரே தன்னை அறிவிக்க வேண்டியிருந்தது. "அடுத்ததாக வரலாற்றுச் சுடர், பெருமகனார் பற்றிக் அவர்கள்," என்று சொல்லிவிட்டு, ஒலிவாங்கியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு போய்க் குனிந்தார். பத்தொன்பது வருடமாக ஆசைப்பட்டது தோளில் விழுந்தது. சரிகை கழுத்தில் அறுத்தது. கழற்றி மடிப்பதற்குள் தலைவர் அடுத்த நிகழ்ச்சியைச் சைகையால் காட்டினார்.

அது உறுதியில் கையொப்பம் இடுதல். அதற்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒரு சாட்சி பெண்ணாக இருந்தால் புகைப்படத்தில் பெண் பிரதிநிதித்துவம் தெரியும் என்று ஏற்கெனவே தீர்மானமாகியிருந்தது. யார் அந்தப் பெண் என்பதை யோசிக்கப் பேரவை கஷ்டப்படவில்லை. சேலை உடுத்தி வந்திருந்தவளைக் கூப்பிட்டார்கள். வதனி சிரித்த முகத்தோடு மேலேறினாள். பட்டுத்துணி விரித்த தட்டை அவள் கையில் கொடுத்து, அதன்மேல் உறுதியை வைத்து, மேடை நடுவுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுவந்தாள். தன் வீட்டைத் தானே தட்டில் ஏந்தி வருகிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர் பற்றிக்.

சுதாகரன் கையொப்பம் வைத்தார். ஆண் சாட்சியும் வைத்தார். தலைவர் பேனையை வதனியிடம் நீட்டினார்.

"இவடத்த ஒரு கையெழுத்து. காணும்."

வதனி பேனையை வாங்கித் தாளைப் பார்த்தாள். முன்வரிசையில் முப்லிஹா இருந்த பக்கம் ஒருதரம் திரும்பினாள். "வாசிச்சுப்போட்டுப் போடுறன்," என்றாள்.

"நேரம் போகுது," என்றார் தலைவர்.

"இல்ல சேர், இப்பதானே அந்தப் புள்ள சொன்ன." தாளைத் தூரப் பிடித்தாள், கிட்டப் பிடித்தாள். பிறகு வெட்கத்தோடு சிரித்தாள். "படத்துக்கு நல்லா இரிக்காது எண்டு கண்ணாடிய ஊட்டுல வெச்சிட்டு வந்துட்டன். பற்றிக் அண்ணன், நீங்கதானே அடிச்சிருப்பீங்க. ஒருக்கா வாசியுங்க."

உறுதி பற்றிக்கின் வலக்கைக்கு வந்தது. இடக்கையில் ஒலிவாங்கி, வேலை செய்துகொண்டுதான் இருந்தது. தலைவர் காதருகே குனிந்து, "சுருக்கமா," என்றார்.

சுருக்குவது பற்றிக்குக்குப் பெரிய வேலையல்ல. பத்தொன்பது வருடம் கூட்டக் குறிப்பு வாசித்தவர். எந்த வரியைத் தாண்டினால் யாருக்கும் தெரியாது என்பது அவருக்கு அத்துப்படி. அந்த ஒரு பந்தியைத் தாண்டி எல்லைகளை மட்டும் வாசித்தால் விழா நல்லபடியாக முடிந்துவிடும். தாண்டலாம் என்றுதான் முதலில் நினைத்தார். அதை மறைத்து என்ன பயன்?

வாசிக்கத் தொடங்கினார். வடக்கே ஒழுங்கை, கிழக்கேயும் தெற்கேயும் இன்னாருடைய வளவு, மேற்கே வாவி. ஒவ்வொரு எல்லைக்கும் வதனி தலையாட்டினாள். பாலர் பாடசாலையில் ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது சரி சரி என்று தட்டிக்கொடுக்கிற தலையாட்டல் அது. பந்தி வந்தது. பற்றிக்கின் கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது, வாய் போகவில்லை.

"மேற்படி வீட்டில் தற்சமயம் இரக்கத்தின் பேரில் குடியிருக்கும் பெண்ணொருத்தி மூன்று மாதத்துள் வெளியேறுவார் என்பதும்..."

அவர் முணுமுணுத்தார். ஒலிபெருக்கி அதை மண்டபம் முழுக்கச் சொன்னது.

வதனியின் தலையாட்டல் நின்றது. "அந்தப் பெண்ணொருத்தி ஆரு அண்ணன்?"

பற்றிக் குனிந்து நிலம் பார்த்தார். மேடையில் பன்னிரண்டு சோடிச் சப்பாத்துகள் தெரிந்தன. "நீதான் தங்கச்சி."

"தெரிஞ்சா அடிச்ச நீங்க?"

"ஓம்."

"என்ர உறுதியெல்லாம் எங்க?"

"கண்ணாடிக்குள்ள."

வதனி உறுதியை அவர் கையிலிருந்து வாங்கித் தட்டில் வைத்து, சாட்சியின் இடத்தில் குனிந்து, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பெரிய எழுத்தாக எழுதினாள். 'வாசிக்கக் கேட்டேன். சம்மதமில்லை. இது எனது வீடு.' கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

தலைவர் கனகசூரியம் எந்த நிலைமையிலும் தளராதவர். தாளை உயர்த்திச் சபைக்குக் காட்டினார். "திருமதி வதனி அவர்கள் வெறும் கையொப்பத்தோடு நிற்காமல், தமது கருத்தையும் கைப்பட எழுதி ஆவணத்துக்கு அழகு சேர்த்திருக்கிறார்," என்று அறிவித்தார். சபை கைதட்டியது. நொத்தாரிசு மட்டும் பேனையை மூடினார். "இது பழுதாப் போயிற்று, புதுசா அடிக்க வேணும்," என்றார். "பற்றிக் அடிப்பார்," என்றார் தலைவர்.

சுதாகரன் ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப அந்த வீட்டில ஆள் இருக்கா? எனக்கு ஒருத்தரும் சொல்லல்லையே." பதிலுக்கு அவருக்கு இன்னொரு பொன்னாடை போர்த்தினார்கள்.

வதனி வடைப் பெட்டிக்கு முன்னால் போய், தன் உறுதிகளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். திறப்பைக் கேட்டாள். காட்சிப் பொருட்களை வெளியேற்ற நிர்வாகக் குழுத் தீர்மானம் வேண்டும், அடுத்த கூட்டம் அடுத்த மாதம் என்று தலைவர் மரியாதையாக விளக்கினார். முப்லிஹா வந்து அவளுடைய கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது இருவருமே பற்றிக்கைப் பார்க்கவில்லை. திட்டிவிட்டுப் போயிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பற்றிக் மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தபோது, றவூப் தன் பெட்டியை எடுக்க முச்சக்கர வண்டியோடு வந்துவிட்டார். பற்றிக் தீர்மானத்தைப் பற்றிச் சொன்னார்.

"சேர், ஒங்கட குழு கூடும்வரைக்கும் நான் வடைய எங்க வெக்கிற?" என்றார் றவூப். "விழா முடியிற வரைக்குமெண்டு சொல்லித்தானே எடுத்த. மற்றத் திறப்பு எனக்கிட்ட இரிக்கி."

றவூப் திறந்தார். மனுவையும் ஐந்து உறுதிகளையும் ஒழுங்காக அடுக்கிப் பற்றிக்கின் கையில் கொடுத்தார். தொடாதீர்கள் என்ற அட்டையையும் கொடுத்தார். பிறகு பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இருபத்தாறு பதவிகள் சேர்ந்து பூட்டியதைத் திறக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா என்று பற்றிக் நின்றார். நேற்றே றவூப்பிடம் போயிருக்கலாம். படிவம் நிரப்பிய நாளிலேயே போயிருக்கலாம்.

சைக்கிளில் தகரப் பெட்டியைக் கட்டும்போது தலைவரின் தொலைபேசி வந்தது. "புது உறுதி எப்ப அடிச்சு முடிப்பீங்க?"

அடிக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்றுதான் பற்றிக் வாயைத் திறந்தார். "கொம்பியூட்டர் பழுது சேர்," என்றார். அவருடைய வீரம் அன்றைக்கு அவ்வளவுதான் வந்தது.

நாவற்குடாவில் வதனி கேற்றடியிலேயே அவரை நிறுத்தினாள். இன்றைக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். பெட்டியை வாங்கி மதிலில் வைத்துத் திறந்தாள். மனுவை வாசித்தாள். பிறகு முதலாவது உறுதி, இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றையும் தலைப்பிலிருந்து கையொப்பம்வரை, அவசரமில்லாமல் வாசித்தாள். பற்றிக் வெயிலில் நின்றார். மன்னிப்புக் கேட்க வழிநெடுகச் சொற்களை யோசித்து வைத்திருந்தார். உள்ளே கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டது. அவள் போய் இறக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து ஐந்தாவது உறுதியை எடுத்தாள்.

எல்லாம் சரியாக இருந்தது. பெட்டியை மூடி, பாலர் பாடசாலைக் கொப்பி ஒன்றையும் பேனையையும் நீட்டினாள்.

"என்ர பெட்டியையும் ஆறு பேப்பரையும் திருப்பித் தந்தன் எண்டு எழுதுங்க."

பெட்டியைக் கொடுத்த அன்று கேட்காத துண்டு. பற்றிக் மதிலில் கொப்பியை வைத்து எழுதினார். இலிகிதர் கையெழுத்து, ஒரு பிழை கிடையாது. கையொப்பம் வைக்கக் குனிந்தார்.

"வாசிச்சுப்போட்டு வையுங்க அண்ணன்," என்றாள் வதனி.

அவர் தான் எழுதியதைத் தானே சத்தமாக வாசித்தார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். ஆனால் இந்தமுறை தலையாட்டவில்லை.